கப்பலேறாத சட்டப் புத்தகங்கள்

1

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் நூலகத் தலைவி மார்கரெட் ஓய்வு பெற்றார். கேக் வெட்டியதும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் என் பக்கம் கை காட்டி, "இதோ நிற்கிறாளே குமுதா, ஒரு சேகரிப்பைக் கொண்டுவரச் சொல்லி இவளைப் பாதி உலகம் தாண்டி அனுப்பினேன். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். என் உத்தியோகத்திலேயே எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி அதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம்கூட யாராவது இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள்.

அவர்களுக்குத் தெரிந்தது கனடாவில் நடந்த பாதி மட்டும். மற்ற பாதி திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ஒரு வீட்டில் நடந்தது. அது ஊர்க்காரர்களுக்குத்தான் புரியும் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்தபோது என் பெரிய அண்ணி, "லைப்ரரியில புக்கு எடுத்துக் குடுக்கறதுக்கா இவ்ளோ தூரம் போயிருக்க?" என்று கேட்டார். ஏறக்குறைய அதுதான் வேலை. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி நூலகத்தில் அரிய நூல் அறை என்று ஒன்று இருக்கிறது. முந்நூறு வருடத்துப் பழைய தீர்ப்புத் தொகுப்புகள், நீதிபதிகளின் கைக்குறிப்புகள், தோல் அட்டை உதிர்ந்து தொட்டால் கையெல்லாம் செம்பொடியாகிற புத்தகங்கள். காலையில் உள்ளே போனதும் முதல் வேலை அறையின் சூட்டையும் ஈரத்தையும் காட்டுகிற கருவியைப் பார்ப்பது. இரண்டில் எது ஜாஸ்தியானாலும் கம்மியானாலும் கீழ்த்தளத்துக்குப் போன் செய்து சண்டை போட வேண்டும். படிக்க வருகிறவர்களிடம் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுப்பேன். பையை வெளியே வைக்கச் சொல்லுவேன். பேராசிரியரானாலும் இதே மரியாதைதான்.

புத்தகம் யாரிடமிருந்து, எந்த வழியாக எங்களிடம் வந்தது என்று எழுதி வைப்பதும் என் பொறுப்பு. அது சரியில்லாவிட்டால் எத்தனை அருமையான புத்தகமானாலும் தலைவலிதான். இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். உண்மையில் புரிந்தது நாலைந்து வருடங்களுக்கு முன், மே மாதத்து வெயிலில்.

2

விஜயாவும் நானும் சின்ன வயதிலிருந்து திருவண்ணாமலையில் ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு பேரும் சமணக் குடும்பம். எங்கள் வீடு கிராமத்தில், அவள் வீடு டவுனில். கடைசி பஸ்ஸைத் தவற விட்டால் அவள் வீட்டில் தங்கிவிடுவேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று அவள் அம்மாவிடம் நான் விளக்க வேண்டியதில்லை, அந்த வீட்டிலும் அதே வழக்கம்.

அவள் அப்பா அப்பாண்டைராஜ் சிவில் வக்கீல். வீட்டு முன் ஹாலில் நாலு சுவரும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள். மற்ற வக்கீல்கள் வைத்திருக்கிற தீர்ப்புத் தொகுப்புகள் அவரிடமும் இருந்தன. அவற்றுக்கு மேல் அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. நம் பக்கத்துச் சமணக் குடும்பங்களின் சொத்து வழக்குகள், தத்து வழக்குகள் எங்கே கிடைத்தாலும் விடமாட்டார். லண்டன் வரைக்கும் அப்பீல் போன வழக்குகளுக்கு அச்சடித்த கட்டுகள், சாட்சிகள் சொன்னதைக் கையால் நகலெடுத்த காகிதங்கள், நவாப் காலத்து மானியப் பத்திரங்கள் என்று எல்லாம் சேர்த்திருந்தார். கட்சிக்காரர்கள் பரண் மேல் கிடந்ததைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் பாதி பேர் புருஷன் செத்த பிறகு சொத்துக்காகக் கோர்ட் ஏறிய பெண்களின் பேரன் பேத்திகள்.

எழுபதுகளில் நான் நூலகப் படிப்பு முடித்து, கல்யாணமாகிக் கனடா வந்தேன். விஜயா சட்டம் படித்து அப்பாவோடு கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அம்மா முதலில் போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு அவருக்குப் படித்துக் காட்டுவதும் அவள்தான், அவர் வழக்குகளை நடத்துவதும் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்துகொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோனது.

அவர் இறந்த அடுத்த வருடம் எனக்கு எழுதினாள். சென்னையில் இன்ஜினீயராக இருக்கும் அவள் அண்ணன் ஜெயபால் வீட்டை விற்கப் போகிறார். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் கட்டி விட ஒருவர் அந்த இடத்தைக் கேட்கிறார். விஜயா இனிமேல் அண்ணன் வீட்டில் இருந்துகொள்வாள். புத்தகங்களுக்கு அங்கே இடமில்லை. பழைய பேப்பர்காரர் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். 'நீயாவது எடுத்துக்கொண்டு போ, உன் அறையில் பத்திரமாக இருக்கும்' என்று முடித்திருந்தாள்.

மார்கரெட்டிடம் சொன்னபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். எங்கள் கல்லூரியில் பல நாட்டுக் குடும்பச் சட்டம் நடத்தும் பேராசிரியர் ஒருவர் உண்டு. அவர் என் மேஜைக்கே வந்து கை குலுக்கினார். அதற்கு முன் அவர் என்னிடம் பேசியதெல்லாம் ஜன்னலை மூடச் சொல்வதற்குத்தான். மரப்பெட்டியில் கட்டிக் கப்பலில் அனுப்ப ஏற்பாடானது. மார்கரெட் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "முழுசாக வர வேண்டும். பிரித்துக் கொண்டுவராதே. ஒருத்தர் ஆயுசு முழுக்கச் சேர்த்ததைப் பாதியாக்கினால் அது வெறும் பழைய புத்தகம்."

அப்போது நான் தற்காலிக வேலையில் இருந்தேன். அந்த வருடம் நிரந்தரமாவேனா, வீட்டுக்கு அனுப்பப்படுவேனா என்று தெரியாது. இந்தச் சேகரிப்பு வந்தால் யாரும் என்னை அனுப்ப முடியாது என்று என் கணவர் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

3

மகள் அனுவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவளுக்கு அப்போது பதினோரு வயது. நாங்கள் பேசினால் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். திருவண்ணாமலையில் எப்படியாவது தமிழ் பேச ஆரம்பித்துவிடுவாள் என்று நினைத்தேன். பேசவும் செய்தாள். ஆனால் அவள் காதில் விழுந்த தமிழெல்லாம் நான் அவளிடம் பேசியதுதான். அதனால் உலகத்தில் எல்லோரும் அவளுக்கு 'நீ'. "விஜயா, நீ எங்க போற? சீக்கிரம் வா" என்று முதல் நாளே சொன்னாள். எனக்கு முகம் சுண்டிப்போனது.

"சித்தின்னு கூப்பிடு அனு. வாங்க, போங்கன்னு பேசணும்."

"அவளை வுடுடி," என்றாள் விஜயா. "கோர்ட்ல எல்லாரும் என்னை மேடம் மேடம்னு கூப்பிட்டுட்டு, கேஸை மட்டும் பக்கத்து டேபிள் ஆம்பளைகிட்ட குடுத்துட்டுப் போறாங்க. நீன்னே கூப்பிடட்டும்."

பக்கத்துக் காம்பவுண்டில் வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டே நாளில் அனு அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். ஊரைக் காட்ட அவ்வளவு தூரம் கூட்டி வந்தால், அவள் ஆஸ்திரேலியாக்காரப் பெண் ஒருத்தியிடம் இங்கிலீஷில் கதை பேசிக்கொண்டிருந்தாள். வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் அவளுக்கு மலையைப் பற்றி விளக்கம் சொல்வதை ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஹாலில் நாங்கள் இருவரும் அலமாரி அலமாரியாக இறக்கினோம். கரையான் இரண்டு தட்டோடு நின்றிருந்தது. ராமபாணப் பூச்சி அரித்த துளைகள் நிறைய. ஆனாலும் நான் பயந்த அளவுக்கு இல்லை. விஜயா தினமும் கோர்ட் முடிந்து வந்து ஒரு தட்டைத் துடைப்பாளாம். நான் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ள, அவள் எடுத்துக் கொடுப்பாள். கொடுப்பதற்கு முன் பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிடுவாள். வேலை ஓடாது.

ஒரு நாள் ஒரு சாட்சியக் கட்டைப் படித்துக்கொண்டே நின்றுவிட்டாள். சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு விதவை. கொழுந்தன்மார்கள் வீட்டைக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள். எதிர்த் தரப்பு வக்கீல் மாற்றி மாற்றிக் கேட்கிறார். அந்த அம்மாள், 'இது என் வீடு, வுட்டுப் போவ மாட்டேன்' என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

"ஜெயிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"தோத்துட்டாங்க. ஆனா சாகற வரைக்கும் அந்த வீட்டை வுட்டுப் போகல. அவங்க பேரன் வந்து அப்பாகிட்ட சொன்னாரு."

கட்டை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிப் பெட்டியில் வைத்தேன். அவள் உள்ளே போய்க் காபி போட்டாள். அன்று வேறு எதையும் அவள் பிரிக்கவில்லை.

புத்தகங்கள் போனதும் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. அப்பா உயில் எழுதவில்லை. அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு என்பதால் மகளுக்கும் சரி பங்கு உண்டு. தன் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டை விற்க முடியும். அதைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நான் வந்த காரியத்துக்கு அந்த மௌனம் வசதியாகத்தான் இருந்தது.

4

பழைய பொருள்களை நாட்டை விட்டு எடுத்துப் போக அனுமதி வேண்டும். சென்னையில் அதற்கொரு அலுவலகம். பஸ் ஏறிப் போனேன். முதல் நாள் விண்ணப்பம் இங்கிலீஷில் வேண்டும் என்றார்கள். மறு நாள் நகல் குறைகிறது என்றார்கள். பிறகு வீட்டுச் சொந்தக்காரர் சம்மதம் கேட்டார்கள். ஜெயபால் அண்ணன் ஆபீஸுக்குப் போய் அதையும் வாங்கி வந்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து, "சீக்கிரம் முடிச்சுக் குடும்மா. விஜயாவும் பாவம், அந்தப் பெரிய வீட்டுல தனியா கெடக்குது" என்றார்.

நான் பேசுகிற தமிழைக் கேட்டு அங்கிருந்த குமாஸ்தா, "மேடம் சிலோனா?" என்று கேட்டார். திருவண்ணாமலை என்றேன். அவர் நம்பவில்லை. கனடாவில் என் இங்கிலீஷைக் கேட்டு எந்த ஊர் என்பார்கள், இங்கே என் தமிழைக் கேட்டு எந்த நாடு என்றார்கள்.

கடைசியில் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அமைதியான மனிதர். மாதிரிக்கு நான் கொண்டுபோயிருந்த கட்டுகளைக் கை துடைத்துக்கொண்டுதான் தொட்டார். அதிலேயே எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. வெகு நேரம் பார்த்தார்.

"இந்த அச்சுப் புத்தகத்துல புதுசா இருக்கறதெல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்க, ஆட்சேபணை இல்ல. இந்தக் கையெழுத்துக் காகிதம், பழைய பத்திரம், நூறு வருஷம் தாண்டின கட்டு, இதெல்லாம் போவாதுங்க."

"சார், அங்க குளிர்சாதன அறையில வெச்சுக் காப்பாத்துவோம். இங்க கரையான் தின்னுடும்."

"இருக்கலாம்மா. கரையானைப் பார்த்துக்கறதும் நம்ம வேலைதானே? உங்களை ஒண்ணு கேக்கறேன். உங்க லைப்ரரியில இருந்து இந்த மாதிரி ஒரு கட்டை நான் எங்க ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்னா குடுப்பீங்களா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். பொய் சொல்ல வரவில்லை.

"குடுக்க மாட்டேன் சார். பேனாவோட உள்ளயே வுட மாட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "அப்புறம்?" என்றார்.

அனுமதி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பாரிமுனை பஸ் நிலையத்துக்கு நடந்தேன். என் வேலை போய்விட்டது, மார்கரெட் முகத்தில் எப்படி விழிப்பது, பேராசிரியர் என்ன சொல்வார் என்று வரிசையாகப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் எனக்குப் பசித்தது. ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. அன்று பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டேன், மோர்ச் சோறு இரண்டாம் தடவை வாங்கி.

திண்டிவனம் தாண்டிய பிறகுதான் ஏன் என்று புரிந்தது. அந்தப் பெட்டிகள் கனடா போய்ச் சேர்ந்திருந்தால், அவற்றை நான் நன்றாகத்தான் வைத்திருப்பேன். ஆனால் தன் அப்பா சேர்த்த காகிதத்தைப் பார்க்க விஜயா விசா வாங்க வேண்டியிருக்கும். வாசலில் அவளிடமிருந்து பேனாவை வாங்கி வைக்கிறவள் நானாக இருப்பேன்.

5

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது விஜயாவிடம் ஒரு கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒரு நடுத்தர வயது அம்மாள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்குத் தேங்காய் கற்பூரம் விற்கிறவர். அவருடைய தம்பிகள் அப்பா வாங்கிய நிலத்தைத் தங்கள் பேருக்கு மாற்ற ஒரு காகிதத்தை நீட்டியிருக்கிறார்கள்.

"கூடப் பொறந்தவனுங்க கேக்கறானுங்க, எப்படிம்மா மாட்டேன்றது? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு அவனுங்கதானே வரணும்?"

"வரட்டும். வேணாம்னு யாரு சொன்னா?" என்றாள் விஜயா. "ஆனா அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்க. பங்கு உங்களுது. அவங்க குடுக்கற தர்மம் இல்ல. குடுக்கறதா இருந்தாலும் தெரிஞ்சு குடுங்க, பயந்து குடுக்காதீங்க."

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுப் போனார். நான் முத்திரை வைத்த காகிதத்தை மேஜையில் வைத்தேன்.

"போவாதாம்டி. முடியாதுன்னுட்டாங்க."

விஜயா அதை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரை வக்கீல் படிக்கிற மாதிரி படித்தாள். பிறகு, "அப்பாடா" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அப்பா செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை என்று பிறகு சொன்னாள்.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று நடுவில் கேட்டாள்.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்."

"இந்த அம்மாகிட்ட இப்ப இன்னா சொன்னேன், கேட்ட இல்ல?"

"கேட்டேன்."

"எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா? ஒவ்வொருத்தர் போனதும் நெஞ்சு அடிச்சுக்கும். இந்தப் புக்குங்க உன்கிட்டயாவது பத்திரமா போயிட்டா, நானும் வாயை மூடிக்கிட்டுப் போயிடலாம்னு பார்த்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் கையெழுத்துப் போட மாட்டேன், குமுதா. போட மாட்டேன்."

அதைச் சொன்னபோது அவள் குரல் கோர்ட்டில் பேசுகிற குரலாக இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து சொல்வாளே, அந்தக் குரல்.

6

வீட்டில் விஜயாவின் அப்பா வைத்திருந்த பழைய போன் இருந்தது. கனடாவுக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். இருட்டுகிற நேரத்துக்கு மணி அடித்தது. அங்கே காலை. மார்கரெட்டின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"கெட்ட செய்தியா, குமுதா?"

"அனுமதி தர மறுத்துவிட்டார்கள். புதிய அச்சுப் புத்தகங்களை மட்டும் தரலாம் என்கிறார்கள். பழையது எதுவும் வராது."

 

"எழுத்தில் கொடுத்தார்களா?"

"முத்திரையோடு கொடுத்திருக்கிறார்கள்."

"கடவுளுக்கு நன்றி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நான் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் வேறொரு சங்கடம் முளைத்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரியிடம் வாங்கிய ஒரு கட்டு எந்த வழியாக வந்தது என்பதற்குச் சரியான காகிதம் இல்லை, இப்போது வேறொரு நாடு அதைத் திருப்பிக் கேட்கிறது. பல்கலைக்கழகத்து வக்கீல்கள் தினமும் மார்கரெட்டைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். "இந்த வாரம் நீ அரைகுறைக் காகிதத்தோடு பெட்டிகளை அனுப்பியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்றே தெரியாது. கேட்டாய், மறுத்தார்கள், விட்டுவிட்டாய். இதைவிடச் சுத்தமாக எதுவும் இருக்க முடியாது."

"என் வேலை?" என்று கேட்டேன்.

"உன் வேலைக்கென்ன? நீ விமானம் ஏறும் முன்பே நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். சொல்லவில்லையா நான்?"

அவர் சொல்லவில்லை. அந்த நாட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வாய் திறந்து சொல்வதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

"அங்கேயே வைத்துப் படம் எடுக்க விடுவார்களா என்று கேள்" என்று அவர் சொல்லும்போதே லைன் அறுந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அனு ஓடி வந்து, "அம்மா, நீ ஏன் அழுற?" என்று தமிழில் கேட்டாள். அழவில்லை, நிம்மதி என்றேன். நிம்மதி என்றால் என்ன என்று கேட்டாள். எனக்கு இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லை. விஜயாதான், "ஸ்கூல்ல எக்ஸாம் கேன்சல் ஆயிடுச்சுன்னா எப்படி இருக்கும், அதுதான்" என்றாள்.

7

ஞாயிற்றுக்கிழமை ஜெயபால் அண்ணன் வந்தார். பத்திரம் எழுதுகிறவர் தயாரித்துக் கொடுத்த காகிதத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். புத்தகம் போகாது என்ற செய்தியைக் கேட்டு, "சரி, அதுக்கு வேற வழி பார்க்கலாம். நாம இதை முடிச்சுடலாம்" என்று காகிதத்தை மேஜையில் வைத்தார். நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். விஜயா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அண்ணா, நான் இதுல கையெழுத்துப் போடல."

"ஏன், எழுதினதுல தப்பு இருக்கா?"

"எழுத்து சரியாத்தான் இருக்குது. எனக்கு இஷ்டம் இல்ல. நான் இந்த வீட்டை வுட்டு வரல."

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதோ ஓதியிருக்கிறேன் என்பது போல. பிறகு தங்கையைப் பார்த்தார்.

"என்ன பேசற நீ? எனக்கு நோட்டீஸ் விடப் போறியா?"

"இல்ல. பாகம் பிரிச்சுக் குடுன்னு நான் கேக்க முடியாது. நீ பிரிச்சாதான் உண்டு, சட்டம் அப்படித்தான் இருக்குது. ஆனா கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அப்பா வீட்டுல குடியிருக்க உரிமை இருக்கு. என் கையெழுத்து இல்லாம நீ விக்கவும் முடியாது." சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அங்கே குரல் உடைந்தது. "உன்மேல கேஸ் போட எனக்கு மனசு வராது அண்ணா. ஆனா இங்க இருக்கற கோர்ட்டு, இந்த ஹாலு, இதெல்லாம் வுட்டுட்டு உன் வீட்டுல நான் இன்னா பண்ணுவேன்? அண்ணிக்குக் காய் நறுக்கிக் குடுத்துக்கிட்டு எத்தனை வருஷம் இருப்பேன்?"

ஜெயபால் அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கோபப்படுவார் என்றுதான் நான் பயந்தேன்.

"நான் எதுக்கு விக்கறேன்னு நினைச்ச?" என்று மெதுவாகக் கேட்டார். "உன்னைத் தனியா வுட்டுட்டேன்னு சொந்தக்காரங்க அத்தனை பேரும் என்னைக் கேக்கறாங்க. கல்யாணத்துக்குப் போனா கேக்கறாங்க, சாவுக்குப் போனா கேக்கறாங்க. உனக்கும் அங்க வர்றது இஷ்டம்னு நினைச்சேன். நீ ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நீ கேக்கலியே."

அப்போது அனு பக்கத்துக் காம்பவுண்டிலிருந்து ஓடி வந்து, அவரை அங்கே பார்த்ததும் தான் கற்றுக்கொண்ட மரியாதையை முழுக்கக் கொட்டினாள். "வாங்க மாமாங்க. நீங்க காபிங்க குடிச்சீங்கங்களா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். விஜயா கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட எழுந்தாள்.

முடிவாவதற்குச் சாயங்காலம் வரை ஆயிற்று. பேச்சு இரண்டு தடவை முட்டிக்கொண்டு நின்றது. ஒரு தடவை அவர் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டார். கடைசியில் பின்கட்டும் மாடியும் அண்ணன் பங்கு என்றும், முன் ஹாலும் அதை ஒட்டிய இரண்டு அறைகளும் விஜயா பங்கு என்றும் ஒத்துக்கொண்டார்கள். விற்பனை கிடையாது. அவர் பங்கில் ரூம் தடுத்து ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம், மேற்பார்வை விஜயா. வீட்டில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள் என்றதும் அவர் முகம் தெளிந்தது. "யாராவது கேட்டா, தங்கச்சி லாட்ஜ் நடத்துதுன்னு சொல்லிடறேன்" என்றார்.

பொழுது சாய்வதற்குள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டார். தலையிலிருந்து சுமையை இறக்கி வைத்த மனிதர் போல இருந்தார். அவரும் அத்தனை நாள் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

மீதி நாட்களில், கட்டி வைத்த பெட்டிகளைப் பிரித்து எல்லாவற்றையும் அலமாரியில் ஏற்றினோம். நான் என் நூலகத்தில் செய்வதைப் போல வகை பிரித்து அடுக்கினேன். விஜயா அதை ஒத்துக்கொள்ளவில்லை. "நீ கனடா போயிடுவ. எனக்குக் கட்சிக்காரங்க வந்து நிக்கும்போது கை நீட்டினா கிடைக்கணும்" என்று அவள் வசதிக்கு மாற்றினாள். அவள் சொன்னதுதான் சரி, அது அவளுடைய நூலகம். அடுத்த வருடம் சென்னையிலிருந்து ஆள் வந்து பழைய கட்டுகளையெல்லாம் படச்சுருளாக எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு பிரதி எங்களிடம் இருக்கிறது. பேராசிரியர் முதலில் முணுமுணுத்தார். இப்போது மாணவர்களை அவரே கூட்டி வருகிறார்.

8

நாங்கள் கனடா வந்து இறங்கிய அன்று சுங்க மேஜையில் கூட்டம் கம்மி. அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, பெட்டிகளைப் பார்த்தார். பயணத்தின் காரணம் என்று நான் பூர்த்தி செய்த காகிதத்தில், நூலகத்துக்குப் புத்தகச் சேகரிப்பு என்று இருந்தது.

"என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள்?"

"துணி, கொஞ்சம் அப்பளம், வடகம்."

"புத்தகங்கள்?"

"ஒன்றுமில்லை" என்றேன்.

அவர் நம்பாமல் ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். புடவைகளுக்கு நடுவில் கையை விட்டுத் துழாவினார். அத்தனை வருடத்தில் எத்தனையோ மேஜைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எதையோ மறைப்பவள் போல உள்ளங்கை வேர்க்கும். அன்று வேர்க்கவில்லை. அவர் அடித்தட்டு வரைக்கும் பார்க்கட்டும் என்று நான் நிதானமாக நின்றேன். பக்கத்தில் அனு கொட்டாவி விட்டுக்கொண்டே தமிழில் சொன்னாள்:

"நல்லா பாருங்க, அங்கிள். ஒண்ணுமே இல்ல."